வாடை பழகிப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து சந்தா எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று சொல்வதோடு சரி. ஆண்டு விழாவில் கடன் வாங்கி முன்னேறின கதையை நிறைய பேர் சொல்வாங்க. கறவை மாடு வாங்கினது, கருவாட்டு வியாபாரம் செய்தது, தையல் மிஷின் போட்டது என்று எல்லாம் நல்ல கதைதான். நான் சொல்லப் போவது 200 ரூபாய் செலவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, பெத்த பெண்ணை நெருப்பில் விடப் பார்த்த கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு. நம்மில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு என் வீட்டு அடுப்பு மாதிரிதான் இருக்கும் என்பதால் சொல்றேன்.

எங்கள் வீட்டில் இருந்த கேஸ் அடுப்பு என் மாமியாருக்கு வந்தது. 2007 வாக்கில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுத்ததே, அந்த அடுப்பு. அதுவரைக்கும் அத்தை வேலிகாத்தான் முள்ளும் பனை மட்டையும் எரிச்சு, புகையில் கண் சிவந்து சமைச்சவங்க. அடுப்பு வந்த அன்னிக்கு அதுக்குப் பொட்டு வைச்சு, சூடம் காட்டினாங்களாம். நான் மருமகளாக வந்த பிறகும் அதே அடுப்புதான். 18 வருஷம் உழைச்சுது. எரியற வரைக்கும் அடுப்பை யார் திறந்து பார்க்கிறோம்? எரியலைன்னாதான் பார்ப்போம்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டாம். உப்புப் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் வெள்ளம் நின்னுது. எங்கள் வீட்டு அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணி. சிலிண்டர் அந்தத் தண்ணியிலேயே நின்னுது. அடுப்பும் மேடையிலிருந்து கீழே விழுந்து கிடந்தது. தண்ணி வடிஞ்ச பிறகு அடுப்பைக் கழுவி, வெயிலில் காய வைச்சு, மறுபடி மாட்டினோம். ஒரு பக்கத்துத் திருகு இறுகிப் போய்த் திரும்பவே இல்லை. தெருவில் அடுப்பு ரிப்பேர் என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் கொடுத்தோம். அவர் அடிச்சு, திருப்பி, எதையோ தடவி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுப்பு எரிஞ்சுது. அதோடு மறந்துட்டோம்.

தை மாசத்திலிருந்து அடுப்படியில் லேசாக ஒரு வாடை. முதலில் கவனிச்சது என் மாமியார்தான். "இந்த அடுப்பு சரியில்ல பாப்பா, என்னமோ நாறுது" என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாங்க. அத்தைக்கு இன்னும் விறகு அடுப்பு மேலதான் ஆசை, அதான் இதைக் குறை சொல்றாங்க என்று நான் நினைச்சேன். பாப்பா கேட்டபோது, "கழியிலேர்ந்து வர்ற சேத்து வாடை" என்று நானே சொன்னேன். கொஞ்ச நாளில் எனக்கு அந்த வாடையே தெரியலை. வாடை போயிடுச்சு என்று நினைச்சேன். வாடை போகலை, என் மூக்குதான் பழகிப் போச்சு.

டியூப் பழசு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புது டியூப் வாங்கணும் என்று நினைச்ச மாசம் குழுச் சந்தா, கடன் தவணை கட்ட வேண்டியிருந்தது. புயலுக்குப் பிறகு பாத்தி கட்ட நாள் ஆனதால் வீட்டுக்காரருக்குக் கையில் கூலி இல்லை. தவணை தவறினால் குழுவில் பேர் கெட்டுப் போகும். டியூப் மாத்தலைன்னா யார் கேட்கப் போறாங்க? அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று விட்டேன். அப்படியே மூணு மாசம் ஓடிப் போச்சு.

பங்குனி மாசம் ஒரு நாள் விடிகாலை. வீட்டுக்காரர் உப்பளத்துக்குப் போயிட்டார். தெருக்குழாயில் தண்ணி வந்ததால் நான் குடத்தோடு வெளியே நின்னேன். ஒன்பதாவது படிக்கிற என் பெண் டீ போட அடுப்பைப் பத்த வைச்சிருக்கா. "பக்"கென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், பர்னரில் எரிய வேண்டிய நெருப்பு திருகைச் சுத்தி, அடுப்புக்கு அடியில் எல்லாம் எரியுது. பாப்பாவுக்கு நெத்தி முடி கருகி, வலது கை மேல் தோல் சிவந்து போச்சு. அவள் அசையாமல் நிக்கிறா. என் மாமியார்தான் குனிஞ்சு, கையை விட்டு ரெகுலேட்டரை மூடினாங்க. நெருப்பு அடங்கிடுச்சு. மூட இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் டியூப்பும் பத்தியிருக்கும். அப்புறம் நான் இந்த மேடையில் நின்னு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாப்பா கையில் குழாய்த் தண்ணியை ரொம்ப நேரம் ஊத்தினோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மருந்து போட்டதில் பத்து நாளில் ஆறிடுச்சு. இப்போ நல்லா இருக்கா.

மறுநாள் கேஸ் ஏஜென்சியில் சொல்லி, அவங்க அனுப்பின மெக்கானிக் அண்ணன் வந்தார். கையில் ஒரு பிரஷும், சோப்புத் தண்ணி கலக்கின டப்பாவும் வைச்சிருந்தார். நான் தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். எங்க அம்மா வீட்டில் கேஸ் கசியுதா என்று தீக்குச்சி கொளுத்திக் காட்டித்தான் பார்ப்பாங்க. அவர் வெடுக்கென்று அதைப் பிடுங்கி வெளியே வைச்சார். "தங்கச்சி, கசிவு இருக்கான்னு நெருப்பை வைச்சுப் பார்க்கிறதும், பாம்பு இருக்கான்னு புத்துக்குள்ள கையை விட்டுப் பார்க்கிறதும் ஒண்ணு. சோப்புத் தண்ணி தடவு, முட்டை விட்டா கசியுதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் ஒவ்வொண்ணாகக் கழட்டிக் காட்டினதை வரிசையாகச் சொல்றேன். நீங்களும் வீட்டுக்குப் போய் அதே வரிசையில் பாருங்க.

முதலில் டியூப். எங்களுடையது பழைய ரப்பர் டியூப். அடுப்பில் சொருகின முனையை வளைச்சுக் காட்டினார். காய்ஞ்ச வயல் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. நடுவில் எலி பல் பட்ட தடம். சிலிண்டரைத் தள்ளி வைக்கணும் என்று வீட்டுக்காரர் ரெண்டு துண்டு டியூப்பை ஒட்டுப் போட்டு, கம்பியால் கட்டியிருந்தார். அந்தக் கட்டிலேயும் சோப்பு முட்டை விட்டுது. இப்போ ஆரஞ்சு நிறத்தில் சுரக்ஷா டியூப் வருது, உள்ளே கம்பி வலை வைச்சது. அதுக்கு ஆயுசு அஞ்சு வருஷம். தேதி டியூப் மேலேயே அச்சடிச்சிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, நடுவில் ஒட்டு கூடாது, மேலே துணியோ பேப்பரோ சுத்தி மூடக் கூடாது. மூடினால் வெடிப்பு தெரியாது.

ரெண்டாவது திருகு. திருகுக்கு உள்ளே பித்தளை வால்வு இருக்கு. அது லேசாகத் திரும்பவும், கேஸ் கசியாமல் இருக்கவும் ஒரு வகை கிரீஸ் போட்டிருப்பாங்களாம். எங்கள் அடுப்பில் அது காய்ஞ்சு போய், பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. தெரு ரிப்பேர்காரர் அடிச்சுத் திருப்பினதில் வால்வில் கீறல் விழுந்திருந்தது. திருகை மூடினாலும் கேஸ் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் தூங்கின நாளை எல்லாம் நினைச்சேன். உடம்பு நடுங்கிடுச்சு.

மூணாவது அடுப்பின் அடிப்பக்கம். 18 வருஷத்தில் ஒரு தடவை கூட நான் அதைப் பார்க்கலை. தகடு துரு பிடிச்சு, கையால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடையுது. கேஸ் போகிற குழாயிலும் துரு. ஒரு இடத்தில் எம்-சீல் வைச்சு அடைச்சிருந்தது. யார் வைச்சது என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம்.

அப்போ அந்த அண்ணன் சொன்னதை நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் மனசில் வைக்கணும். நம்ம மரக்காணம் பக்கம் காத்திலேயே உப்பு இருக்கு. சைக்கிள் செயினும், பூட்டும், ஜன்னல் கம்பியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குது என்று நமக்குத் தெரியும். உப்பு காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைச்சுக்கும். ஈரம் காயாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேற ஊரில் பத்து வருஷம் வர்ற பொருள் இங்கே அஞ்சு வருஷம் வந்தாலே பெரிசு என்றார். போதாததுக்கு நாம் உப்புச் சாடியை அடுப்பு மேல் தொட்டாப்பிலேயே வைக்கிறோம். குழம்பும் கஞ்சியும் பொங்கி பர்னருக்குள் இறங்குது. பர்னர் ஓட்டை அடைஞ்சால் நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக எரியும், பாத்திர அடி கரியாகும். மஞ்சள் நெருப்பு என்றால் கேஸ் சரியாக எரியலை என்று அர்த்தம். அந்த மாதிரி எரியும்போது வாடையே இல்லாத ஒரு நச்சுக் காத்து வரும். கதவு ஜன்னலை மூடி வைச்ச அடுப்படியில் அது ஆளையே மயக்கிப் போடும்.

நாலாவது ரெகுலேட்டரும் சிலிண்டர் வாயும். சிலிண்டர் வால்வுக்குள் கருப்பாக ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கும். அது கிழிஞ்சிருந்தாலும், இல்லாமலே போனாலும், ரெகுலேட்டரை எவ்வளவு சரியாக மாட்டினாலும் கசியும். சிலிண்டர் கொண்டு வர்றவரை வாசலிலேயே மூடியைக் கழட்டி, வாஷர் இருக்கா, கசியுதா என்று பார்த்துக் காட்டச் சொல்லலாம். அது நம்ம உரிமை. "நேரமில்லம்மா" என்றால், "நின்னு காட்டிட்டுப் போங்கண்ணா" என்று சொல்லுங்க.

சிலிண்டருக்கும் தேதி இருக்கு. கைப்பிடி வளையத்தைத் தாங்கிப் பிடிக்கிற மூணு பட்டைகளில் ஒண்ணின் உட்பக்கம் ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ரெண்டு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், சி என்றால் ஜூலையிலிருந்து செப்டம்பர், டி என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். சி-27 என்று இருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனை செய்யணும் என்று அர்த்தம். தேதி தாண்டின சிலிண்டர் வந்தால் வாங்காதீங்க, மாத்திக் கேளுங்க.

அஞ்சாவது, சிலிண்டர் வைச்ச இடம். எலிக்குப் பயந்து மேடைக்கு அடியில் பலகைக் கதவு போட்டு, அதுக்குள் சிலிண்டரைப் பூட்டி வைச்சிருந்தோம். பக்கத்திலேயே ஃபிரிட்ஜ். மெக்கானிக் அண்ணன் தலையில் கை வைச்சுக்கிட்டார். சமையல் கேஸ் காத்தை விட கனம். கசிஞ்சால் மேலே போகாது, தண்ணி மாதிரி தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காத்து போக வழி வேணும். நூறு பங்கு காத்தில் ரெண்டு பங்கு கேஸ் கலந்தாலே பத்திக்குமாம். ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிக்கும்போது வர்ற சின்னப் பொறியே அதுக்குப் போதும். சிலிண்டரைத் திறந்த இடத்தில், நிமிர்த்தித்தான் வைக்கணும். அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்கணும். நம்ம ஊர் ஈரத்துக்கு, தரையில் வைக்காமல் அடியில் ஒரு பலகை போட்டால் சிலிண்டர் அடி துருப்பிடிக்காது.

எல்லாம் பார்த்து முடிச்சதும், "எதையாவது போட்டு எரியற மாதிரி செய்து கொடுங்கண்ணா, ரெண்டு மாசம் ஓட்டிக்கிறேன்" என்று கெஞ்சினேன். அவர், "இத மறுபடி மாட்டிக் கொடுத்துட்டு நான் போய் நிம்மதியா தூங்க முடியாது தங்கச்சி" என்று சொல்லி, ரெகுலேட்டரைக் கழட்டி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டுட்டுப் போயிட்டார். அப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போ அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

ஒன்பது நாள் வாசலில் கல்லைக் கூட்டி விறகில் சமைச்சோம். மாமியார் ஒரு வார்த்தை என்னைக் குத்திச் சொல்லலை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் நானே, "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் அத்தை" என்றேன். "எம் மூக்கு புகையிலயே வெந்த மூக்கு. அதுக்கே தெரிஞ்சுது, உனக்குத் தெரியலையேன்னுதான் பயந்தேன்" என்றாங்க. வீட்டில் வயசானவங்க ஒண்ணு சொன்னால் குறை சொல்றாங்க என்று ஒதுக்காதீங்க. வெளியிலிருந்து உள்ளே வர்றவங்க மூக்குக்குத்தான் வாடை தெரியும். உள்ளேயே இருக்கிற நமக்குத் தெரியாது.

பாப்பா இதை அறிவியல் டீச்சரிடம் சொல்லியிருக்கா. அவங்க ஒரு விஷயம் சொல்லி அனுப்பினாங்க. கேஸுக்குச் சொந்தமாக வாடையே கிடையாதாம். எத்தில் மெர்காப்டன் என்கிற மருந்தை நாம் தெரிஞ்சுக்கணும் என்றே கலக்கிறாங்களாம். 1937 மார்ச் 18-ம் தேதி அமெரிக்காவில் நியூ லண்டன் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் பூமியிலிருந்து எடுக்கிற எரிவாயு கசிஞ்சு தேங்கியிருக்கு. வாடை இல்லாததால் யாருக்கும் தெரியலை. ஒரு மின்சாரப் பொறி பட்டு வெடிச்சு, ஏறத்தாழ 300 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலும் பிள்ளைங்க. அதுக்குப் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலக்கணும் என்று அங்கே சட்டம் போட்டாங்களாம். அத்தனை பிள்ளைங்க உயிர் போன பிறகு வந்த வாடை அது. அதைத்தான் நான் கழி வாடை என்று மூணு மாசம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இனி வாடை வந்தால் என்ன செய்யணும் என்று சொல்றேன். பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.

லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ரெண்டிலுமே பொறி வரும். சாமி விளக்கு, ஊதுபத்தி எரிஞ்சால் அணைக்கணும். ரெகுலேட்டரை மூடணும். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டு, பிள்ளைங்களையும் வயசானவங்களையும் வெளியே அனுப்பணும். முடிஞ்சால் ரெகுலேட்டரைக் கழட்டிச் சிலிண்டரில் மூடியைப் போடணும். போனை வீட்டுக்குள் தொடாமல், வெளியே தள்ளி வந்து 1906-க்குப் போன் பண்ணணும். அது கேஸ் கசிவுக்கான அவசர எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. நெருப்பே பிடிச்சுட்டால் 101 தீயணைப்பு நிலையம். சிலிண்டர் மூடியைத் தூக்கிப் போடாதீங்க, சிலிண்டரோடு கயிற்றில் கட்டியே வைங்க.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. பதிவு செய்த வீட்டில் கேஸ் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைச்சிருக்கிற காப்பீடு இருக்கு. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், சிகிச்சைக்கும் வீட்டுச் சேதத்துக்கும் தனியாக உண்டு. ஆனால் அடுப்பும் டியூப்பும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, ஒழுங்காக இருக்கணும். ஒட்டுப் போட்ட டியூப்பை வைச்சுக்கிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்கிறது? எத்தனை லட்சம் வந்தாலும் பிள்ளை வருமா?

புது அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் வாங்க எங்கள் குழுதான் உள்கடன் கொடுத்தது. கேட்கும்போது நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடிச்சதும் ஒரு அக்கா, "எங்க வீட்டிலயும் கம்பிக் கட்டுதான்" என்றாங்க. இன்னொருத்தர், "எங்களுது எப்ப வாங்கினதுன்னே தெரியாது" என்றாங்க. அடுத்த கூட்டத்துக்குள் எல்லாரும் டியூப் தேதியைப் பார்த்து வரணும் என்று முடிவு செய்தோம். நாங்கள் 12 பேர். தேதிக்குள் இருந்தது 3 வீட்டில்தான். 9 பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் டியூப் வாங்கினோம். மெக்கானிக் அண்ணனும் ஒரே தடவையாக வந்து எல்லா அடுப்பையும் பார்த்தார். இன்னும் ரெண்டு வீட்டில் கசிவு இருந்ததைக் கண்டுபிடிச்சார். எங்கள் தீர்மான நோட்டில் இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை "அடுப்பு பார்த்தாச்சா?" என்று ஒரு வரி வருது.

இந்த விழாவில் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். சந்தா கட்டினியா, தவணை கட்டினியா என்று கேட்கிற மாதிரி, டியூப் மாத்தினியா என்றும் ஒவ்வொரு குழுவிலும் கேட்க வைக்கணும். 200 ரூபாய்க்குக் கணவரிடம் கேட்கத் தயங்குகிற பெண் நம்மில் நிறைய பேர். டியூப்புக்கும் அடுப்புக்கும் குழுவில் கேட்டால் வட்டி இல்லாமல் உள்கடன் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டால் நல்லா இருக்கும். தவணை தவறினால் குழு கூட இருந்து சமாளிக்கலாம். அடுப்படியில் தவறினால் ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, ரெகுலேட்டரை மூடிட்டு, ஒரு தடவை அடுப்பைத் தூக்கி அடியில் பாருங்க. டியூப் முனையை வளைச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு, "எங்க அடுப்படியில் ஏதாவது வாடை வருதா?" என்று கேளுங்க.